ஈரம் குடித்த வளையம்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நான் செய்த அன்டெனாவை எல்லோரும் வடை என்றுதான் சொல்வார்கள். வட்டமாக, உள்ளங்கை அளவில், நடுவில் துளையோடு இருக்கும். நிறமும் கிட்டத்தட்ட அப்படித்தான். "பாப்பா, வடை வெந்துருச்சா?" என்று கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் கேட்பார்கள். நான் சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வேன். எனக்குப் பதில் சொல்ல வராது.

அதனால்தான் எழுதித் தருகிறேன். பொலிஸ் நிலையத்தில் என் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள். கடும் மழையில் கருவி செயலிழந்தது, போனில் கவரேஜ் இருக்கவில்லை, நான் மடுவத்துக் கொட்டகையில் தனியாக இருந்தேன். மூன்றும் அதில் இருக்கின்றன. விசாரணைக் குழுவில் நீங்கள் மட்டும், எழுந்து போகும்போது, "வேற ஏதாவது ஞாபகம் வந்தா எழுதித் தாங்க மகள்" என்று தமிழில் சொன்னீர்கள். ஞாபகம் வந்திருக்கிறது, ஐயா.

என் பெயர் சுதர்ஷினி. வயது இருபத்தேழு. ஊசிமலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் பிறந்தவள். பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் பெற்று, பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் ஆய்வு உதவியாளராக இருந்தேன். இப்போது நானுஓயாவில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். கூரை தகரம். மழை பெய்தால் நான் காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த வளையத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது புரியாது.

அன்டெனா என்றால் உலோகம் என்று நினைப்போம். எங்கள் மலையில் செம்புக் கம்பி ஒரு வாரம் நிற்காது. பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். போகாதது பனியில் துருப்பிடிக்கும். நான் செய்தது பீங்கான். அதில் மின்சாரம் பாயாது. ஆனால் அலை அதற்குள் புகுந்து, குடத்துக்குள் சத்தம் சுற்றுவதுபோல் சுற்றி, வெளியே போகும். வளையத்தின் அளவைப் பொறுத்து அது எந்த அதிர்வுக்கு இசையும் என்பது மாறும். நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதை நாங்கள் மீடிறன் என்போம். சாதாரண வளையம் ஒரு குறுகிய பட்டைக்குத்தான் இசையும். எங்கள் இடத்தில் ஒரு மீடிறனை மலைமுகடு தடுத்தால் உடனே இன்னொன்றுக்கு மாறவேண்டும். அதனால் ஒரே வளையம் அகன்ற பட்டைக்கு இசையவேண்டும். அதுதான் என் ஆராய்ச்சி.

வெள்ளைக் களிமண்ணில் பெயின்ட்டுக்குப் போடும் வெள்ளைத் தூளைக் கலந்து, அழுத்தி, சுட்டேன். கனம் வேறுபட்ட மூன்று வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன். அடித்தட்டுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரு தாள் கனத்துக்குக் காற்று இடைவெளி. அந்த இடைவெளி இன்னொரு தாள் கூடினால் எல்லாம் மாறிவிடும். இரண்டு வருடம் நான் அந்த ஒரு தாளோடுதான் வாழ்ந்தேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. நன்றாக இருந்தது.

அளப்பது இப்படி. வளையத்துக்குள் அலையை அனுப்பி, எவ்வளவு திரும்பி வருகிறது என்று பார்ப்போம். திரும்பி வருவது குறைந்தால், மற்றதெல்லாம் வெளியே போய்விட்டது என்று கொள்வோம். என் வளையத்தில் மிக அகன்ற பட்டைக்குக் கிட்டத்தட்ட எதுவுமே திரும்பி வரவில்லை. கோடு ஒரு பள்ளத்தாக்குப்போல் விழுந்து அகலமாகக் கிடந்தது. என் மேற்பார்வையாளர் பிரதாப் சேர் அதைப் பார்த்துவிட்டு, "பேசாத பிள்ளை, பாருங்க, என்ன போடு போட்டிருக்கு" என்று அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்தக் கட்டுரை வெளிநாட்டு மாநாட்டில் ஏற்கப்பட்டது. கொட்டகலையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் என் படம் போட்ட பதாகையை வாசலில் கட்டினார்கள். அம்மா அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு மண்சரிவு எச்சரிக்கைத் திட்டம் வந்தது. எங்கள் தோட்டத்தில் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே உள்ள சரிவில் ஒரு பெட்டி. மண்ணுக்குள் இறக்கிய கோல் சாய்ந்தால் அது சொல்லும். பெட்டியின் தலையில் ஒரு வளையம். மேலே பழைய மடுவத்தில், அதாவது முன்பு கொழுந்து எடை போட்ட கொட்டகையில், செய்தியை வாங்க இன்னொரு வளையம். அங்கேயே அபாயச் சங்கு. கோலின் சாய்வு எல்லையைத் தாண்டினால் சங்கு தானாக ஊதும். கையால் ஊதுவதற்கும் சுவரில் ஒரு பச்சைப் பொத்தான் இருந்தது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பொருத்துவதற்கு முன், பெப்ரவரியில், பன்னிரண்டு வளையங்களையும் சாக்கில் போட்டு பஸ்ஸில் கொண்டுவந்தேன். வழியில் நனைந்துவிட்டன. ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ட்ரையரைப் பார்க்கிற கஜேந்திரன் அண்ணன் சாக்கைப் பார்த்துவிட்டு, "குடுங்க தங்கச்சி, ஒரு சுத்து விட்டுத் தாரேன்" என்றார். உள்ளே வைக்குமுன் ஒன்றைத் தராசில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். "உள்ள போறதயும் வெளிய வாறதயும் நிறுக்காட்டி எனக்குச் சோறு எறங்காது" என்றார். ட்ரையரில் வேலை செய்கிறவர்களுக்கு அது கைப்பழக்கம். கொழுந்து எவ்வளவு தண்ணீரை விட்டது என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு.

வெளியே எடுத்து மறுபடி நிறுத்தார். தராசை ஒருமுறை தட்டினார். திரும்ப நிறுத்தார்.

"நானூத்திப் பன்னெண்டு கிராம் உள்ள போச்சு. முன்னூத்தி எழுபத்தாறு வந்திருக்கு. தங்கச்சி, இது கல்லு இல்ல. கொழுந்து."

அப்படித்தான் இருக்கும் அண்ணே என்றேன். அவர் நம்பிவிட்டார். படித்தவள் சொன்னால் நம்புவார்கள்.

அன்று மாலை காய்ந்த வளையத்தை அளந்தேன். பள்ளத்தாக்கு, தேயிலை மலையில் வெட்டும் ஒரு வடிகான் அளவுக்கு ஒடுங்கிப் போயிருந்தது. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அகலத்தைத் தந்தது என் மூன்று அடுக்கும் அல்ல, ஒரு தாள் இடைவெளியும் அல்ல. களிமண்ணின் நுண்ணிய துளைகளுக்குள் காற்றிலிருந்து ஏறியிருந்த தண்ணீர். தண்ணீர் அலையை விழுங்கிச் சூடாக மாற்றிவிடும். எதுவும் திரும்பி வரவில்லை என்பதால் எல்லாம் வெளியே போயிற்று என்று நினைத்திருந்தோம். பாதி வெளியே போகவே இல்லை. நன்றாக நனைந்தால் எதுவுமே போகாது. ஆனால் கோடு மட்டும் இன்னும் அழகாக, இன்னும் அகலமாகத் தெரியும்.

என் பள்ளிக்கூட அறிக்கைகளில் எல்லா வருடமும் ஒரே வரிதான் இருக்கும். அமைதியான பிள்ளை.

சரிசெய்யும் வழி சிறியது. ட்ரையரில் காயவைத்து, சூடு ஆறுமுன் மூன்று பூச்சு வார்னிஷ் அடித்தால் தண்ணீர் ஏறாது. பட்டை ஒடுங்கிவிடும். மீடிறன் மாற்ற முடியாது. ஆனால் அந்த ஒரு மீடிறனில், எவ்வளவு மழை பெய்தாலும், செய்தி போகும். நான் ஹட்டனுக்குப் போய் வார்னிஷ் வாங்கினேன். அந்த டின் இப்போதும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. மூடி திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். திறந்தால் பிரதாப் சேரிடம் காரணம் சொல்லவேண்டும். கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும். பள்ளிக்கூட வாசலில் இருந்து பதாகையை அவிழ்ப்பார்கள். அவிழ்க்கும்போது யாராவது ஏன் என்று கேட்பார்கள். இவையெல்லாம் சிறிய விஷயங்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொன்றிலும் நான் வாயைத் திறக்கவேண்டும். எனக்கு அது பயம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சபையில் என் பெயரைக் கூப்பிட்டால் எனக்குக் கை விறைத்துவிடும்.

பிரதாப் சேர் ஒருமுறை கேட்டார். "சுதர்ஷினி, காய வச்சும் அளந்தீங்கதானே?" நான் தலையாட்டினேன். பொய் என்று ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை.

வளையங்களைப் பொருத்தினோம்.

இங்கே பீலியைப் பற்றிச் சொல்லவேண்டும். நீங்கள் கொழும்பிலிருந்து வந்தவர். சரிவிலிருந்து வரும் ஊற்றைக் குழாய் வைத்து லயத்துக்கு விட்டிருப்பார்கள். அதுதான் பீலி. குளிப்பது, துவைப்பது, குடிக்க எடுப்பது எல்லாம் அங்கேதான். எங்கள் ஆட்கள் மழைக்காலத்தில் அதன் நிறத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் சிவந்து வந்தால் பானை சட்டியை அப்படியே போட்டுவிட்டு, மேலே முகட்டில் இருக்கிற கோயிலுக்கு ஏறிவிடுவார்கள். அவர்களுக்கு இதை யாரும் வகுப்பு எடுத்துச் சொல்லவில்லை.

ஜூனில் இரண்டு தடவை அப்படி ஏறினார்கள். இரண்டு தடவையும் மண் சரியவில்லை. அரைநாள் வேலை போனதுதான் மிச்சம். ஆனால் திட்டத்தின் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது: கருவி எச்சரிக்காமல் மக்கள் தாமாக வெளியேறிய தடவைகள். அதில் இரண்டு என்று நிரப்பவேண்டியதாயிற்று. மூன்று ஆனால் திட்டத்தை நிறுத்தி, கருவியைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சோதிப்பார்கள். சோதித்தால் நிறுப்பார்கள்.

ஜூலையில் வேறொரு தொல்லை. பெட்டியிலிருந்து பத்து நிமிடம் செய்தி வராவிட்டால் சங்கு தானாக ஊதவேண்டும் என்று மென்பொருளில் ஒரு வரி எழுதியிருந்தேன். பனி இறங்கி வளையம் நனையும்போதெல்லாம் சங்கு ஊதியது. மூன்றாவது தடவை வேலாயி அக்கா தலையில் சோப்பு நுரையோடு கோயிலுக்கு ஓடி வந்தார். கீழ் லயத்தில் நடுக்காம்பராவில், நடு அறையில், இருந்தவர். நாற்பத்தைந்து வயது. கொழுந்தில் முதல் ஆள், வாயிலும் முதல் ஆள்.

"ஏன் பாப்பா, ஒன் வடைக்குப் பசி வந்தா ஊதுமா?" என்றார். "நேரத்துக்கு ரெண்டு மொளகாய போட்டு வையி."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் தோளில் நுரைக் கையை வைத்து, "கோவிச்சுக்காத" என்றார். நான் கோபிக்கவில்லை. அன்று மத்தியானமே அந்த வரியை நீக்கிவிட்டேன். அதன்பிறகு, செய்தி வராவிட்டால் சங்கு அமைதியாக இருக்கும்.

ஓகஸ்டில் கோயில் முற்றத்தில் கூட்டம் வைத்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். என் வாழ்க்கையில் நான் சபையில் பேசியது அந்த ஒரு தடவைதான். மூன்று வசனம். சங்கு ஊதினால் மேலே வாருங்கள். ஊதாவிட்டால் வீட்டில் இருங்கள். பீலியைப் பார்த்து ஓடத் தேவையில்லை.

வேலாயி அக்கா கையை உயர்த்தினார். "அப்ப பீலிய பாக்கவே வேணாமா பாப்பா?"

"வேணாம் அக்கா."

"நல்லதாப் போச்சு. இந்த மனுசன தூக்கிக்கிட்டு ஏறுற பாடு மிச்சம்" என்று தன் கணவரைக் காட்டினார். அழகுமுத்து அண்ணனுக்கு மரம் விழுந்து இடுப்புக்குக் கீழே வராது. அவர் நாற்காலியில் இருந்தபடியே, "ஒன்ன தூக்கச் சொன்னா நான் தூக்க மாட்டேனா?" என்றார். அவருடைய கால்களைப் பார்த்துவிட்டு எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. கை விறைத்திருந்தது நின்றுவிட்டது. பேசுவது இவ்வளவு சுலபமா என்று நினைத்தேன்.

இனி நவம்பர். அந்த வியாழக்கிழமை.

காலையில் அம்மாவைக் கொட்டகலையில் பெரியம்மா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டேன். அம்மாவுக்கு மூச்சிழுப்பு. குளிர் ஆகாது. இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மழை நான்கு நாளாக விடவில்லை. பன்னிரண்டு மணிக்கு மேற்பார்வை செய்கிற கண்டாக்கு வேலையை நிறுத்தி, எல்லோரையும் லயத்துக்கு அனுப்பினார். ஒன்றேகாலுக்கு நான் மடுவத்துக்கு வந்தேன். அளப்பதற்கென்றே கூரைமேல் மூன்றாவதாக ஒரு வளையம் வைத்திருந்தேன். நன்றாக நனைந்த வளையத்தின் அளவுகள் என்னிடம் முழுமையாக இருக்கவில்லை. இவ்வளவு மழை அடிக்கடி வராது.

இரண்டு ஐந்துக்குப் பெட்டியிலிருந்து ஒரு செய்தி வந்தது. கோல், எல்லையில் பாதியைத் தாண்டிச் சாய்ந்திருந்தது. அரை மணி நேரத்துக்கு முன் கால்வாசிதான் இருந்தது. அதுதான் கடைசிச் செய்தி. இரண்டேகால் ஆயிற்று, ஒன்றும் வரவில்லை. சரிவில் இருந்த வளையம் நிறையக் குடித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. சங்கு என் தலைக்கு மேலே பேசாமல் இருந்தது. நான் சொன்னபடி இருந்தது.

அப்போது நாய்கள் வந்தன. கீழ் லயத்து நாய்கள், நான்கோ ஐந்தோ. குரைக்கவில்லை. நனைந்த உடம்போடு என் மேசைக்குக் கீழே நுழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக்கொண்டன. ஒன்றின் நடுக்கம் மேசைக்காலில் ஏறி, மேசையில் இருந்த என் தேநீர்க் கோப்பையில் வட்டம் வட்டமாகத் தெரிந்தது. வெளியே வெட்டிய கிழங்கு வாசனைபோல் மண் வாசனை வந்தது. மரவேர்கள் அறும்போது அப்படி வாசனை வரும் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்தேன். உட்கார்ந்திருந்தால், ஏதோ ஒன்று என்னைப் பார்க்காமல் கடந்து போய்விடும் என்று தோன்றியது. சின்ன வயதில் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்கும்போது அப்படித்தான் இருப்பேன்.

பயத்தில் நான் எப்போதும் செய்வதைச் செய்தேன். அளந்தேன். இரண்டு இருபதிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை. அந்தக் குறிப்புப் புத்தகம் உங்களிடம் இருக்கிறது.

போனில் கவரேஜ் இருக்கவில்லை என்று பொலிஸில் சொல்லியிருந்தேன். மழையில் அடிக்கடி போகும். அன்று போகவில்லை. இரண்டு கோடு இருந்தது.

இரண்டு முப்பத்தொன்றுக்கு வேலாயி அக்காவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. அவர் எழுத மாட்டார், குரல்தான் அனுப்புவார். பின்னால் மழைச் சத்தம், யாரோ இருமுகிற சத்தம்.

"பாப்பா, பீலித் தண்ணி செவப்பா வருது. செவப்புன்னா எப்பவும் வாற மண்ணு செவப்பு இல்ல, சாந்து மாதிரி வருது. சங்கு ஊதல. எல்லாரும் என் வாயத்தான் பாக்குறாங்க. இந்த மனுசன வேற தூக்கணும். போகவா, இருக்கவா? சட்டுன்னு சொல்லு பாப்பா."

நான் பதில் அனுப்பவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். இந்தத் தாளை இரண்டு தடவை கிழித்தேன். முதல் தடவை அப்படித்தான் எழுதியிருந்தேன்.

இரண்டு நாற்பத்துநான்குக்கு இரண்டாவது செய்தி. இந்தத் தடவை இருமல் சத்தம் இல்லை. அக்கா மெதுவாகப் பேசினார்.

"பீலி நின்னு போச்சு பாப்பா. ஒரு சொட்டு வரல. இவ்வளவு மழைல நின்னு போச்சு."

அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். ஊற்று நின்றால் தண்ணீர் எங்கும் போய்விடவில்லை. மலை அதை உள்ளே பிடித்து வைத்திருக்கிறது. வளையம் மாதிரித்தான். எதுவும் வெளியே வரவில்லை என்றால் எல்லாம் உள்ளே இருக்கிறது.

பச்சைப் பொத்தான் என் நாற்காலியிலிருந்து இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தது. கோயில் படியை அடையக் கீழ் லயத்திலிருந்து எட்டு நிமிடம். அழகுமுத்து அண்ணனைத் தூக்கிக்கொண்டு என்றால் பன்னிரண்டு. நான் கணக்குப் பார்த்தேன். பொத்தானை அழுத்தினால், கையால் ஊதியது என்று பதிவாகும். கருவி ஏன் தானாக ஊதவில்லை என்று கேட்பார்கள். சத்தம் கேட்டு எல்லோரும் மேலே வந்து என்னைச் சுற்றி நிற்பார்கள். நான் பேசவேண்டும். வளையம் ஒருவேளை சரியாகலாம், ஒரு செய்தி வந்துவிட்டால் சங்கு தானே ஊதிவிடும் என்று நினைத்தேன். அந்த ஒரு செய்திக்காகக் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன்.

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு மலை வந்தது. பெரிய சத்தம் இல்லை. லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல் தொடங்கி, பிறகு யாரோ பெரிய மூச்சு விட்டதுபோல். நாய்கள் ஒன்றும் அசையவில்லை. நான் கையில் இருந்த பேனாவை மூடி வைத்தேன். பனி விலகியபோது கீழ் லயம் இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு சரிவு இருந்தது. தகரம்கூடத் தெரியவில்லை.

ஒன்பது பேர். பெயர்கள் உங்களிடம் இருக்கின்றன. நான் எழுதினால் கை விறைக்கும்.

கடைசிக் காம்பரா அம்மாக்கண்ணு அக்கா மட்டும் பிழைத்தார். அவர் உங்களிடம் சொன்னதை நானும் கேட்டேன். நாங்கள் எல்லோரும் மூட்டை கட்டிவிட்டோம், வேலாயி வந்து "இருக்கலாமாம்" என்று சொன்னாள், அவிழ்த்துவிட்டோம் என்றார். யார் அப்படிச் சொன்னது என்று நீங்கள் கேட்டீர்கள். அவருக்குத் தெரியவில்லை. நான் பின்வரிசையில் இருந்தேன். நீங்கள் என் பக்கம் பார்க்கவில்லை.

நான்தான் சொன்னேன். இரண்டு முப்பத்துமூன்றுக்கு. ஆறு நொடி. "சங்கு ஊதலதானே அக்கா. அப்ப இருங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அதைச் சொல்லும்போது, அந்தச் சங்கு ஊதாது என்று எனக்குத் தெரியும். பதினெட்டு நிமிடமாகத் தெரியும். அவர்கள் தாமாக வெளியேறினால் மூன்றாவது தடவை ஆகும். அதைத்தான் நினைத்தேன். வேறு எதையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை.

குறிப்புப் புத்தகத்தில் எழுத்து நடுங்கவில்லை என்று உங்களோடு வந்த மேடம் சொன்னார். நான் மடியில் வைத்து எழுதிப் பழகியவள். இரண்டு ஐம்பத்தைந்து வரிக்கு நேரே குறிப்புப் பகுதியில் "இதுவரை கிடைத்ததில் மிக அகலமானது" என்று எழுதியிருப்பதையும் அவர் வாசித்துக் காட்டினார். அது வளையத்தைப் பற்றியது. பயத்தில் இருக்கிற ஒருத்தி அப்படி எழுதுவாளா என்று கேட்டார். பயத்தில் இருப்பவர்கள் என்னென்ன எழுதுவார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் அன்று எவ்வளவு பயந்தேன் என்பது யாருக்கும் தெரியாது. வேலாயி அக்காவாவது கேட்டுவிட்டார், போகவா இருக்கவா என்று. எனக்குக் கேட்க யாரும் இருக்கவில்லை.

மூன்று மணிக்குப் பிறகு அந்தச் செய்திகளை என் போனிலிருந்து அழித்தேன். கை விறைத்திருந்ததால் தவறாக அழுத்திவிட்டேன். என் பக்கத்தில் மட்டும் அழிந்தது. அவர் பக்கத்தில் அழியவில்லை.

வேலாயி அக்காவின் போன் போன வாரம் மண்ணிலிருந்து கிடைத்திருக்கிறது. நான் இதை எழுதுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அக்காவின் மகள் தனுஜா கொழும்பில் தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அம்மாவின் குரலைக் கேட்கவேண்டும் என்று அந்தப் போனைக் கொட்டகலை பஜாரில் போன் திருத்தும் ராசிக் நானாவிடம் கொடுத்திருக்கிறாள். நானும் அந்தக் கடைக்குப் போனேன். சார்ஜர் வாங்கத்தான். மேசை விளக்கின் கீழே அது பிரித்துப் போட்டுக் கிடந்தது. வருமா நானா என்று கேட்டேன்.

"தண்ணிதான் தங்கச்சி உள்ள நிக்குது," என்றார். "அவசரப்படுத்தினா செத்துரும். ஈரம் காஞ்சா எல்லாம் வரும். சனிக்கெழம தெரியும்."

அன்றிலிருந்து நான் தூங்கவில்லை. அறையில் குழாயைத் திறப்பதில்லை. தண்ணீர் தெளிவாக வந்தாலும் பயம், நின்றுவிட்டாலும் பயம். போன் அடித்தால் போர்வைக்குள் வைத்துவிடுகிறேன். இதை எழுதிய பிறகு கொஞ்சம் லேசாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் அப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

இந்த வளையங்களை இன்னும் ஆறு தோட்டங்களில் பொருத்தப்போவதாகக் கேள்விப்பட்டேன். வார்னிஷைப் பற்றி உங்களிடம் சொல்லிவிட்டேன். என் கடமை முடிந்தது.

இந்தக் கடிதம் உங்களுக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். ஐயா, ஒரு தயவு. சனிக்கிழமை வரை இதை யாரிடமும் காட்டாதீர்கள். அந்தப் போன் வரவில்லை என்று ராசிக் நானா சொல்லிவிட்டால் இந்தத் தாள்களை எனக்குத் திருப்பித் தந்துவிடுங்கள். அன்டெனாவைப் பற்றி மட்டும் புதிதாக எழுதித் தருகிறேன்.